குதிரை மாற்றும் இடம்

சேலத்திலிருந்து நாமக்கல் போகிற வழியில் இருக்கிறது புதுச்சத்திரம். வழிப்போக்கர்கள் இளைப்பாறிய காலத்தைப் பெயரே சொல்லிவிடுகிறது. இப்போது அந்த வட்டாரத்துக்கு அடையாளம் கோழிப்பண்ணைகள்.

சித்திரை வெயிலில் கோழி ஷெட்டுக்குள் ஃபாகர் பனிபோல நீர் தூவ வேண்டும். சில நிமிஷம் ஓடணும், சில நிமிஷம் நிற்கணும். ஓடாவிட்டால் கோழி சுருண்டு விழும். நிற்காவிட்டால் எரு ஈரமாகி நாறும், ஈ மொய்க்கும். ஆக, ஒரு டைமர் வேண்டும்.

சொந்தமாகச் செய்து பார்க்கிறவர்கள் முதலில் தேடுவது 555 என்கிற எட்டுக் கால் சிப். சுவிட்சர்லாந்தில் பிறந்த ஹான்ஸ் காமன்சிண்ட், அமெரிக்காவின் சிக்னெட்டிக்ஸ் கம்பெனிக்காக 1971-ல் வடிவமைத்தது. 1972-ல் கடைக்கு வந்தது. இன்றும் விற்கிறது.

ஆனால், அதன் சக்தி அதிகபட்சம் 200 மில்லி ஆம்பியர். 230 வோல்ட் பம்ப் மோட்டாரை அது தொடவே முடியாது. நடுவில் ரிலே வேண்டும்.

ரிலே என்றால், அந்த நாளில் களைத்த குதிரையை விட்டுவிட்டுப் புதுக் குதிரை பூட்டுவது. மின்சாரத்திலும் அதே கதைதான். சிப் தரும் சின்ன கரன்ட் காயிலைக் காந்தமாக்கும். காந்தம் பெரிய கரன்ட்டின் சுவிட்சை இழுக்கும். பெரிய மோட்டார் என்றால் ரிலே ஒரு கான்டாக்டரை இழுக்கும். அது இன்னொரு குதிரை!

1835-ல் பிரின்ஸ்டனில் இப்படி ஒரு ரிலேயைச் செய்து காட்டியவர் ஜோசப் ஹென்றி. வேடிக்கை என்னவென்றால், அதிலுள்ள ஆபத்தையும் அவரே முன்கூட்டிச் சொல்லியிருந்தார். காயிலில் ஓடும் கரன்ட்டைச் சட்டென்று நிறுத்தினால், அது நிற்க மறுத்து எதிர்த்து உதைக்கும் என்று 1832-லேயே எழுதினார். 12 வோல்ட் காயில்கூட நூற்றுக்கணக்கான வோல்ட்டில் உதைக்கும். 555 தாங்குவது 16 வோல்ட். அப்புறம் சிப் கெட்டுப்போனதற்குக் கடைக்காரரைத் திட்டி என்ன பயன்?

மருந்து, ஒரு டயோடு. காயிலின் இரு முனைகளுக்கும் குறுக்கே, கோடு போட்ட பக்கம் பிளஸ்ஸைப் பார்க்கிற மாதிரி. உதைக்கிற கரன்ட் அதற்குள்ளேயே சுற்றி அடங்கிவிடும். காயிலின் மறுமுனை மைனஸில் இருந்தால், சிப்பிலிருந்து காயிலுக்குப் போகும் வழியிலும் இன்னொரு டயோடு போடுங்கள். இல்லையென்றால் சிப்பின் வெளிவாய் பூஜ்யத்துக்குக் கீழே இழுபட்டு, டைமர் புத்தி தடுமாறும். 7555 என்கிற சிக்கன சிப்பாக இருந்தால், நடுவில் ஒரு டிரான்சிஸ்டரும் அவசியம்.

அவிழ்த்துவிட்ட குதிரை உதைக்கத்தான் செய்யும். பின்னால் நிற்காமலிருப்பது நம் சமர்த்து.