ஒத்திகை இல்லாத வள்ளியும் ரஷ்யாவிலிருந்து வந்த பயிற்சியும்

மதுரையிலிருந்து திருச்சி போகும் சாலையில் மேலூரைத் தாண்டிப் போனால் கொட்டாம்பட்டி வரும். இந்தப் பக்கத்துக் கிராமங்களில் ஊர்த் திருவிழா என்றால் இரவு நாடகம் உண்டு. பெரும்பாலும் 'வள்ளி திருமணம்'தான். ராத்திரி பத்து மணிக்கு மேல் ஆர்மோனியம் தொடங்கினால் விடியும்வரை நடக்கும். இதற்கு 'ஸ்பெஷல் நாடகம்' என்று பெயர். ராஜபார்ட் ஒரு ஊர்க்காரர், ஸ்திரீபார்ட் இன்னொரு ஊர், பபூன் வேறொரு ஊர். ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பேசி, அட்வான்ஸ் கொடுத்து அழைப்பார்கள். அன்று இரவு நாடகக் கொட்டகையில்தான் எல்லோரும் சந்திப்பார்கள். ஒத்திகை கிடையாது. டைரக்டர் கிடையாது. ஆனாலும் நாடகம் நடக்கும், ஜனமும் விடியவிடிய உட்கார்ந்து பார்க்கும்.

இதே கொட்டாம்பட்டியிலிருந்து நத்தம் வழியாகத் திண்டுக்கல் போய், அங்கிருந்து மதுரை சாலையில் திரும்பினால் சின்னாளபட்டிக்குப் பக்கத்தில் காந்திகிராமம் இருக்கிறது. 1977ஆம் ஆண்டு அங்கே 70 நாட்கள் ஒரு நாடகப் பயிற்சிப் பட்டறை நடந்தது. நாடகம் போடுவதற்கு முன் நடிகர் தன் உடல், குரல், மனம் மூன்றையும் நாள்கணக்கில் பழக்க வேண்டும், மற்ற நடிகர்களோடு சேர்ந்து பழக வேண்டும் என்பது இப்படிப்பட்ட பட்டறைகளின் அடிப்படை. ஸ்பெஷல் நாடகத்துக்கு நேர் எதிர்!

இந்த எண்ணத்தின் முக்கியமான வேர் ரஷ்யாவில் இருக்கிறது. அது எப்படி இந்தப் பக்கம் வந்தது? அது வருவதற்கு முன் இங்கே நடிப்புப் பயிற்சி என்பதே இல்லையா? இந்த இரண்டு கேள்விகளுக்கும் பதில் தேடுவதுதான் இந்தக் கட்டுரை.

18 மணி நேரப் பேச்சு

கான்ஸ்தான்தின் ஸ்தனிஸ்லாவ்ஸ்கி 1863இல் மாஸ்கோவில் பிறந்தார். உண்மையான பெயர் அலெக்ஸேயெவ். பணக்காரத் தொழிலதிபர் குடும்பம். நாடகக்காரன் என்ற பெயர் வீட்டுக்கு ஆகாது என்று மேடைக்கென்று வேறு பெயர் வைத்துக்கொண்டார். 1897ஆம் ஆண்டு கோடையில் மாஸ்கோவில் ஒரு ஓட்டலில் அவரும், நாடக ஆசிரியரான நெமிரோவிச் தான்சென்கோவும் சந்தித்தார்கள். மதியம் தொடங்கிய பேச்சு மறுநாள் காலைவரை சுமார் 18 மணி நேரம் நீண்டது. அதன் விளைவாக 1898இல் மாஸ்கோ கலை நாடக அரங்கம் பிறந்தது.

அன்றைய ரஷ்ய மேடையில் பெரிய நடிகர் வந்து நடுவில் நின்று கைதட்டல் வாங்கிக்கொண்டு போவார். மற்றவர்கள் சுற்றி நிற்பார்கள். ஒத்திகை குறைவாகத்தான் நடக்கும். இதை மாற்ற வேண்டும் என்பதுதான் அந்த ஓட்டல் பேச்சின் சாரம். செகாவின் 'கடற்பறவை' நாடகம் 1896இல் பீட்டர்ஸ்பர்க்கில் படுதோல்வி அடைந்திருந்தது. அதே நாடகத்தை 1898 டிசம்பரில் நீண்ட ஒத்திகைகளுக்குப் பிறகு இந்த அரங்கம் மேடையேற்றிப் பெரிய வெற்றி கண்டது. எழுத்து அதேதான். மாறியது பயிற்சி.

இரண்டு வாத்தியார்கள்

1906இல் ஸ்தனிஸ்லாவ்ஸ்கிக்கு ஒரு நெருக்கடி வந்தது. பலமுறை நடித்துப் புகழ் வாங்கிய வேடங்களை இப்போது இயந்திரம்போலச் செய்கிறோம், உள்ளே ஒன்றும் இல்லை என்று அவருக்கே தெரிந்தது. ஓய்வுக்காகப் பின்லாந்து போன இடத்தில் அதையே யோசித்தார். உணர்ச்சியை நினைத்த நேரத்தில் கூப்பிட முடியாது. ஆனால் அது தானாக வருவதற்கு வழி செய்து வைக்க முடியுமா? இந்தக் கேள்விதான் பிறகு 'ஸ்தனிஸ்லாவ்ஸ்கி முறை' ஆனது. அதைச் சோதித்துப் பார்க்க 1912இல் 'முதல் ஸ்டூடியோ' என்ற பயிற்சிக்கூடத்தைத் தொடங்கினார். இன்று உலகம் முழுக்க நடக்கும் நடிப்புப் பட்டறைகளுக்கு முன்னோடிகளில் இதுவும் ஒன்று.

அதே காலத்தில் தமிழ்நாட்டிலும் ஒரு நடிகர் வேடத்தைக் கழற்றிவிட்டு வாத்தியார் ஆகியிருந்தார். அவர் சங்கரதாஸ் சுவாமிகள். 1867இல் பிறந்தவர், ஸ்தனிஸ்லாவ்ஸ்கியைவிட நான்கு வயது இளையவர். வேடத்தில் அவரைப் பார்த்துப் பயந்துபோன ஒரு கர்ப்பிணிப் பெண்ணுக்குக் கரு கலைந்துவிட்டது, அதிலிருந்து அவர் நடிப்பதை விட்டுவிட்டார் என்று நாடக உலகில் சொல்வார்கள். ஒருவருக்கு நடிப்பில் உயிர் போய்விட்டது என்று கவலை. இன்னொருவருக்கு உயிர் அதிகமாகிவிட்டதே என்று கவலை!

பெரிய நடிகர்களின் ஒழுங்கீனத்தால் சலித்துப்போன சுவாமிகள், சிறுவர்களை வைத்து நாடகக் குழு நடத்தினார். 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை தொடங்கியது. அவ்வை தி.க.சண்முகமும் அவருடைய சகோதரர்களும் அங்கே சேர்ந்தவர்கள்தான். சண்முகத்துக்கு அப்போது ஆறு வயது. அவருக்காகவே சுவாமிகள் 'அபிமன்யு சுந்தரி' நாடகத்தை ஒரே இரவில் எழுதி முடித்தார் என்பது பிரபலமான செய்தி. இப்படிப்பட்ட பாய்ஸ் கம்பெனிகளில் பையன்கள் கம்பெனி வீட்டிலேயே தங்க வேண்டும். பாடம், பாட்டு, உச்சரிப்பு, கட்டுப்பாடு எல்லாம் உண்டு. தப்புச் செய்தால் அடியும் உண்டு. மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியிலிருந்து எம்.ஜி.ஆர். வந்தார். யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளையின் கம்பெனியிலிருந்து சிவாஜி கணேசன் வந்தார்.

ஆகவே மதுரையில் பயிற்சி இல்லாமல் இல்லை. கடுமையான பயிற்சியே இருந்தது. ஆனால் அது 'எப்படிச் சொல்ல வேண்டும்' என்பதற்கான பயிற்சி. ரஷ்யப் பயிற்சி 'ஏன் சொல்கிறான்' என்று கேட்டது. வித்தியாசம் அங்கேதான்.

வள்ளியை வைத்து ஒரு பாடம்

இதை நமக்குத் தெரிந்த வள்ளியை வைத்தே பார்த்தால் புரியும். வள்ளி தினைப்புனத்தில் ஆலோலம் பாடிப் பறவை ஓட்டுகிறாள். ஸ்பெஷல் நாடக ஸ்திரீபார்ட்டுக்கு இங்கே வேண்டியது குரல், ராகம், பாட்டு மனப்பாடம், அடுத்து வரும் நாரதரோடும் வேடனோடும் தர்க்கம் பண்ணச் சாமர்த்தியம்.

ரஷ்ய முறையில் பழகும் நடிகையிடம் வாத்தியார் முதலில் பாட்டைக் கேட்க மாட்டார். கேள்விகள்தான் கேட்பார். எத்தனை நேரமாகப் பரண்மேல் நிற்கிறாய்? வெயில் எந்தப் பக்கம்? காலையில் சாப்பிட்டாயா? இவை 'தரப்பட்ட சூழல்'. உண்மையில் நீயே அந்தப் புனத்தில் தனியாக நின்றால், தெரியாத ஒருவன் வந்தால் என்ன செய்வாய்? இந்த 'நானாக இருந்தால்' என்ற கற்பனையைத்தான் அவர் மந்திரச் சாவி என்று கருதினார். வந்தவனை விரட்ட வேண்டுமா, பேச்சை வளர்க்க வேண்டுமா? இது 'நோக்கம்'. எதிரே ஆயிரம் பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதை மறக்க, கவனத்தைக் கையில் உள்ள கவணில் மட்டும் வை, பிறகு பரணுக்கு, பிறகு புனத்துக்கு என்று விரித்துக்கொண்டு போ. இது 'கவன வட்டம்'.

கடைசிக் காலத்தில் அவர் இன்னும் ஒரு படி போனார். உணர்ச்சியைத் தேடி மனத்தைக் கிண்டாதே, வள்ளி செய்யும் காரியங்களை ஒவ்வொன்றாக உண்மையாகச் செய், உணர்ச்சி தானே பின்னால் வரும் என்பதுதான் அந்த உடற்செயல் முறை.

பிராணன் போய் வந்த வழி

இதில் ஒரு வேடிக்கையான வரலாறு உண்டு. முதல் ஸ்டூடியோவில் நடிகர்கள் உடலைத் தளர்த்தவும் மூச்சைக் கவனிக்கவும் பழகினார்கள். அப்போது ஸ்தனிஸ்லாவ்ஸ்கி பயன்படுத்திய சொற்களில் ஒன்று 'பிராணா'. ஆமாம், நம்முடைய பிராணன்தான். 'யோகி ராமசரகா' என்ற பெயரில் வெளியான யோகப் புத்தகங்கள் ரஷ்ய மொழியில் கிடைத்தன, அவற்றிலிருந்து எடுத்துக்கொண்டார். ஆனால் அந்த யோகி இந்தியரே அல்ல! வில்லியம் வாக்கர் அட்கின்சன் என்ற அமெரிக்க வக்கீல் அந்தப் புனைபெயரில் எழுதினார் என்பது இன்று ஆய்வாளர்கள் ஏற்கும் முடிவு.

பிறகு சோவியத் ஆட்சியில் யோகம், ஆன்மா போன்ற பேச்சுக்கு இடமில்லாமல் போனது. அச்சான புத்தகங்களில் பிராணன் மறைந்து தசை ஆற்றல் என்பது போன்ற சொற்கள் வந்தன. அவருடைய புத்தகம் 1936இல் சுருக்கப்பட்ட ஆங்கில வடிவில் நியூயார்க்கில் வந்தது. அதன் இரண்டாம் பகுதி 1949இல்தான் ஆங்கிலத்தில் வந்தது. முதல் பகுதி மனப்பயிற்சி, இரண்டாம் பகுதி குரலும் உடலும். 13 வருட இடைவெளியில் உலகம் முதல் பாதியை மட்டும் படித்துவிட்டு, இந்த முறை என்றால் உணர்ச்சிவசப்படுவதுதான் என்று முடிவு கட்டிவிட்டது.

டெல்லி வழியாக காந்திகிராமம்

இந்தியாவுக்கு இந்தச் சரக்கு பெரும்பாலும் ஆங்கிலப் புத்தகங்கள் வழியாகவும் டெல்லி தேசிய நாடகப் பள்ளி வழியாகவும் வந்தது. 1959இல் தொடங்கிய அந்தப் பள்ளியை 1962 முதல் 1977 வரை நடத்தியவர் இப்ராகிம் அல்காசி. லண்டனில் படித்தவர். ஒத்திகை ஒழுங்கு, முறையான நடிப்புப் பயிற்சி என்பதில் மிகவும் கண்டிப்பானவர். அவரிடம் படித்த தமிழர் பேராசிரியர் சே.இராமானுஜம். காந்திகிராமத்தில் ஆசிரியராக இருந்தவர். அங்கே உடன் பணியாற்றிய மலையாள நாடகாசிரியர் ஜி.சங்கரப் பிள்ளையோடு சேர்ந்து 1967இல் கேரளத்தில் 'நாடகக் களரி' என்ற பயிற்சி முகாம்களைத் தொடங்கினார். பத்து வருடம் கழித்து, தேசிய நாடகப் பள்ளியின் துணையோடு காந்திகிராமத்தில் அந்த 70 நாள் பட்டறை நடந்தது.

அதன் பலன் உடனே தெரிந்தது. அதில் பயின்ற மு.இராமசாமி 1978இல் மதுரையில் 'நிஜ நாடக இயக்கம்' தொடங்கினார். 1980இல் சென்னைக்குப் பக்கத்தில் சோழமண்டலத்தில் வங்க நாடகக்காரர் பாதல் சர்க்கார் இன்னொரு பட்டறை நடத்தினார். ந.முத்துசாமி 1977இல் தொடங்கிய கூத்துப்பட்டறை, நடிகர்களுக்கு முழுநேரப் பயிற்சி கொடுக்கும் இடமாக வளர்ந்தது. பசுபதி, கலைராணி, மதுரைக்காரரான குரு சோமசுந்தரம் எல்லாம் அங்கே பழகியவர்கள். பட்டறை என்ற சொல்லே கொல்லன், தச்சன் வேலை செய்யும் இடத்துக்கு உரியது. நடிப்பையும் கைவேலைபோலத் தினமும் உட்கார்ந்து பழக வேண்டும் என்ற எண்ணத்துக்கு அது பொருத்தமான பெயர்.

விட்டுப்போனது என்ன?

ஆனால் ஒரு குறையும் இருக்கிறது. நவீன நாடகக்காரர்கள் நம்முடைய வேரைத் தேடிப் போனபோது பெரும்பாலும் வடக்கே தெருக்கூத்தை நாடினார்கள். மு.இராமசாமி தோல்பாவை நிழற்கூத்தை ஆராய்ந்தார். இவை பெரிய பணிகள். ஆனால் மதுரையைச் சுற்றி ஒவ்வொரு திருவிழாவிலும் நடக்கும் ஸ்பெஷல் நாடகம், பபூன் காமெடியும் சினிமாப் பாட்டும் கலந்த மலிவான சரக்கு என்று ஒதுக்கப்பட்டது. அதில் நடிக்கும் பெண்கள் ஊரில் கேட்கும் ஏச்சும் குறையவில்லை.

யோசித்துப் பாருங்கள். முன்பின் பழகாத ஒருவர் நாரதராக வந்து நின்று, எதிர்பாராத கேள்வி கேட்கிறார். வள்ளி அந்த நொடியே பதில் சொல்ல வேண்டும், தாளமும் தப்பக் கூடாது. எதிரில் இருப்பவரை உண்மையாகக் கேட்டால்தான் இது முடியும். பட்டறைகளில் நாள்கணக்கில் பழக்கப்படுத்துவதும் இதைத்தானே? சுவாமிகளின் பாட்டும் வசனமும் கையிருப்பாக இருப்பதால் ஒத்திகை இல்லாமலே அவர்களால் அது முடிகிறது.

ஸ்தனிஸ்லாவ்ஸ்கி யோகத்தை எடுத்துக்கொண்டபோது அது யாருடையது என்று பார்க்கவில்லை, நடிகருக்கு உதவுமா என்றுதான் பார்த்தார். புதுவைப் பல்கலைக்கழகத்தின் நாடகப் பள்ளிக்குச் சங்கரதாஸ் சுவாமிகளின் பெயரை வைத்தார்கள். பெயர் வைத்தால் மட்டும் போதாது. காந்திகிராமத்தில் 70 நாள் கற்றுக்கொடுத்ததுபோல, கொட்டாம்பட்டிப் பக்கம் மேடையேறும் ஒரு ஸ்திரீபார்ட்டை வாத்தியாராக உட்கார வைத்து நாடக மாணவர்கள் ஒரு வாரமாவது பாடம் கேட்க வேண்டும். அப்போதுதான் அந்த இரண்டு வாத்தியார்களின் பாடமும் ஒரே இடத்தில் சேரும்.