பிரித்தானியாவிற் பிறநாட்டு மாணவரும் வைத்திய உரிமையும்

1948ஆம் ஆண்டு யூலை 5ஆந் திகதி பிரித்தானியாவில் தேசிய சுகாதார சேவை தொடங்கப்பெற்றபோது, நோயுற்றோரின் தேவையே சிகிச்சைக்குரிய தகுதியாகக் கொள்ளப்பட்டது. அவர் எந்நாட்டவர் என்பது வினவப்படவில்லை. இலங்கை முதலிய நாடுகளிலிருந்து கற்கச் சென்ற மாணவரும் அதன் பயனைப் பெற்றனர்.

வருகையாளரிடம் கட்டணம் அறவிடும் அதிகாரத்தை 1949ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் வழங்கிற்று. வருகையாளர் யாவரெனப் பிரித்தறிய முற்படின் நாட்டு மக்கள் அனைவரையுமே சோதிக்க நேரும் என்று, இச்சேவையை நிறுவிய அமைச்சர் அனைரின் பெவன் 1952இல் வெளியிட்ட நூலில் வாதிட்டார். 1982 வரை அவ்வதிகாரம் பயன்படுத்தப்படவில்லை. அவ்வாண்டில் வருகையாளருக்கு வைத்தியசாலைக் கட்டணம் விதிக்கப்பட்டது. எனினும், ஆறு மாதங்களுக்குக் குறையாத முழுநேரக் கல்விக்காக வந்தோர் பிற்காலத்தில் அதனின்று விலக்குப் பெற்றிருந்தனர்.

2014ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டம் இந்நிலையை மாற்றியது. 2015 ஏப்ரல் முதல், விசாவுக்கு விண்ணப்பிக்கும்போதே ஆண்டொன்றுக்கு 150 பவுண் சுகாதார மேலதிகக் கட்டணமாக மாணவர் செலுத்தவேண்டியதாயிற்று. அது 2019இல் 300 ஆகவும், 2020இல் 470 ஆகவும், 2024 பெப்ரவரியில் 776 ஆகவும் உயர்ந்தது. மூன்றாண்டுகளுக்கு இது 2,328 பவுண் ஆகும்.

சேவையைப் பயன்படுத்துவோர் அதன் செலவிற் பங்கேற்றல் வேண்டும் என்பது அரசின் நியாயம். ஆயின், பகுதிநேர வேலை பார்த்து வரி செலுத்தும் மாணவர் இருமுறை செலுத்துகின்றனர் அல்லவா? வாழிடத்தாற் கிடைத்த உரிமை, நாட்டின் வாயிலிலேயே விலை கொடுத்துப் பெறும் பொருளாயிற்று. அவ்விலையைத் தர இயலாத வறிய மாணவனுக்கு மூடப்படுவது வைத்தியசாலையின் கதவு மட்டுமன்று, பல்கலைக்கழகத்தின் கதவுமாகும்.