கிட்டங்கியில் குடியிருந்தவர்கள்

வியாபாரம் நொடித்துக் காலியாகக் கிடக்கும் கடைகளையும் ஆபீசுகளையும் வீடுகளாக மாற்றிவிடலாம் என்று மேல்நாடுகளில் இப்போது பலமாகப் பேசிக்கொள்கிறார்கள். யோசனை புதிது என்று நினைப்பவர்கள் நம் புதுக்கோட்டைச் சீமையின் சரித்திரத்தைக் கொஞ்சம் புரட்டிப் பார்க்கலாம். இங்கிருந்து கடல் கடந்து போனவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கிடங்கிலே குடியிருந்து பார்த்தவர்கள்.

நகரத்தார் ஊர் என்றதும் காரைக்குடியும் தேவகோட்டையும்தான் பலருக்கு நினைவு வரும். இராயவரம், அரிமளம், கோனாபட்டு, குழிபிறை, பனையப்பட்டி, நச்சாந்துபட்டி, விராச்சிலை ஆகிய ஊர்கள் புதுக்கோட்டையைச் சேர்ந்தவை. 1948 மார்ச் 3ஆம் தேதி இந்தியாவுடன் இணையும்வரை தொண்டைமான் சமஸ்தானத்தில் இருந்தவை. இந்த ஊர்களிலிருந்தும் பர்மாவுக்கும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் கொண்டுவிக்கப் போனார்கள்.

சிங்கப்பூரில் அவர்கள் இறங்கிய இடம் மார்க்கெட் தெரு. அங்கே இருந்த கட்டடங்களுக்குக் கிட்டங்கி என்று பெயர். நம் ‘கிடங்கு’தான் அப்படி ஆயிற்று என்பார்கள். பெயருக்கு ஏற்ற வடிவம்தான். முகப்பு குறுகலாகவும் உட்புறம் ரயில் வண்டிபோல் நீளமாகவும் இருக்கும் கூடம். இரு பக்கமும் வரிசையாகப் பெட்டியடிகள். ஒரு விலாசத்துக்கு ஒரு பாய் விரிக்கும் இடம், ஒரு சாய்வு மேசை, ஒரு பெட்டி, ஓர் அலமாரி, அவ்வளவுதான். லட்சக்கணக்கில் கொடுக்கல் வாங்கல் நடந்த ஒரு ஸ்தாபனத்தின் முழு அமைப்பும் அந்தப் பாயளவு இடத்தில் அடங்கிவிடும். சம்பளச் சீட்டு எழுதிக்கொண்டு மூன்று வருஷக் கணக்குக்கு வந்த மேலாளும், அவருக்குக் கீழே அடுத்தாளும், பெட்டியடிப் பையனும் பகலில் அங்கே கணக்கு எழுதுவார்கள். இரவில் அங்கேயோ மாடியிலோ தலை சாய்ப்பார்கள். பின்கட்டில் பொதுச் சமையல். பெண் வாடை கிடையாது; குழந்தையின் அழுகுரல் கிடையாது.

அங்கே அவர்கள் பாயில் படுத்துச் சேர்த்த பணம் இங்கே என்ன ஆயிற்று? பர்மாத் தேக்கும் இத்தாலியச் சலவைக்கல்லுமாக, ஒரு தெருவில் வாசலும் மறு தெருவில் கொல்லையுமாக, அரண்மனை போன்ற வீடுகளாயிற்று. வளவைச் சுற்றி இரட்டை வீடுகள், பட்டாலை, பெண்களுக்கு ஆல்வீடு என்று இடத்துக்குக் குறைவில்லை. ஆனால் கட்டினவன் அதில் வாழ்ந்த நாட்களை எண்ணிவிடலாம். நான் அந்த வீதிகளில் நடக்கும்போதெல்லாம் இதுதான் மனத்தை அறுக்கும். கிடங்கில் ஆள் நிறைந்திருந்தது. வீடு கிடங்காகப் பூட்டிக் கிடந்தது.

பர்மாவில் 1930க்குப் பிறகு நெல் விலை வீழ்ந்தது. கடன் திரும்பவில்லை, பணத்துக்குப் பதிலாக நிலம் வந்து சேர்ந்தது. 1937இல் கீழ்ப் பர்மாவின் முக்கியமான பதின்மூன்று நெல் ஜில்லாக்களில் கால்வாசி நிலம் செட்டியார்கள் கையில் இருந்தது. 1942இல் ஜப்பான்காரன் குண்டு போட்டான்; பிறகு 1948இல் நிலத்தைத் தேசியமயமாக்கும் சட்டம் வந்தது; எல்லாம் போயிற்று. சிங்கப்பூரில் அத்தனை கொடுமை இல்லை. யுத்தத்துக்குப் பின் மனைவி மக்கள் வர ஆரம்பித்தார்கள். வந்ததும் என்ன செய்தார்கள் என்பதுதான் கவனிக்கவேண்டிய விஷயம். கிட்டங்கியை வீடாக்க யாரும் முனையவில்லை. வெளியே வீடு பார்த்துக் குடிபோனார்கள். 1970களில் நகரச் சீரமைப்புக்காக மார்க்கெட் தெருக் கிட்டங்கிகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டு இடித்துவிட்டது.

இங்கிலாந்தில் 2013இல் ஒரு சலுகை தந்தார்கள். காலி ஆபீசுகளை முழு நகரத் திட்ட அனுமதி இல்லாமலே வீடாக்கலாம் என்றார்கள். ஆயிரக்கணக்கில் வீடுகள் முளைத்தன. 2020இல் அரசாங்கமே கேட்டு வாங்கிய ஆய்வு ஒன்று, இப்படி வந்த வீடுகளில் நூற்றுக்கு 22தான் தேசிய இட அளவை எட்டின என்று சொல்லிற்று. வழக்கமான அனுமதி பெற்றவற்றில் அது நூற்றுக்கு 73. சில அறைகளுக்கு ஜன்னலே இல்லை! அதற்குப் பிறகுதான் வெளிச்சம் கட்டாயம், குறைந்த அளவு இடம் கட்டாயம் என்று விதியைத் திருத்தினார்கள். நம் கிட்டங்கிப் பெட்டியடிப் பையனைக் கேட்டிருந்தால் முதலிலேயே சொல்லியிருப்பான்.

இது பழங்கதை என்றும் தள்ள முடியாது. இலங்கையிலிருந்து ஓடிவந்த தமிழர்களுக்குத் தமிழ்நாட்டில் அமைத்த முகாம்களில் சில, பழைய கிடங்குகளே. ஒரு குடும்பத்துக்கும் அடுத்த குடும்பத்துக்கும் நடுவே சேலைதான் சுவர். புதுக்கோட்டை மாவட்டத்திலும் தோப்புக்கொல்லை, லேனாவிளக்கு, அழியாநிலை என்று மூன்று முகாம்கள் இருக்கின்றன. மாநிலம் முழுவதுமுள்ள முகாம்களில் 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டித்தருவதாக 2021இல் அரசு அறிவித்தது. தற்காலிகம் என்று சொல்லித் தங்கவைத்தவர்களுக்கு அதற்குள் பேரன் பேத்தி பிறந்துவிட்டார்கள்.

காலிக் கட்டடத்தில் மனிதர்களைக் குடியேற்றுவது தவறே அல்ல. மழைக்கு ஒதுங்கக் கூரை வேண்டியவனிடம் கூரையின் பூர்வீகத்தைப் பேசுவது அழகல்ல. ஆனால் கிடங்கு சரக்குக்காகக் கட்டியது. சரக்குக்கு வெயில் ஆகாது, காற்று ஆகாது. எலியும் திருடனும் வராமல் இருந்தால் போதும். மனிதனுக்கு வேண்டியதெல்லாம் அதற்கு நேர்விரோதம். சுவரை உடைத்து ஜன்னல் வைத்து, குழாய் இழுத்து, அடுப்புக்குப் புகைபோக்கி வைத்து, ஒரு பெண் கதவைத் தாழிட்டுக் குளிக்க இடம் பண்ணிய பிறகு அதை வீடு என்று சொல்லலாம். அதைச் செய்யாமல் வாசலில் இலக்கத்தகடு மட்டும் அடித்தால், கிடங்கு கிடங்குதான். உள்ளே இருப்பவர்களும் சரக்குதான்.