பேரிங் வண்டியிலிருந்து யூரித்தேன் வரை: ஒரு சக்கரப் புராணம்

பீளமேடு, கணபதி பக்கம் வளர்ந்தவங்களுக்குப் பேரிங் வண்டி தெரியாம இருக்காதுங்க. ஒரு பலகை, பட்டறையில தேஞ்சுபோச்சுன்னு தூக்கிப் போட்ட பால் பேரிங் மூணு. அவ்ளோதான் வண்டி. சிமென்ட் தரையில விட்டா தெருவே காதைப் பொத்திக்கும். நேராப் போகும், திருப்பினா வழுக்கும். பிரேக்கு? காலுச் செருப்புத்தான்.

ஸ்கேட்போர்டோட ஆரம்பமும் கிட்டத்தட்ட இதே கதைதான். 1950-கள்ல கலிஃபோர்னியாப் பசங்க ரோலர் ஸ்கேட்டைக் கழட்டிப் பலகைக்கு அடியில மாட்டினாங்க. சக்கரம் இரும்பு. 1960-கள்ல 'களிமண்' சக்கரம் வந்துச்சு. பேருதான் களிமண், நம்ம பானை மண் இல்லீங்க. ஏதேதோ பொடியைப் பசையோட சேர்த்து அழுத்தின கலவை. இரும்பை விட ஓட்டம் சுகம், ஆனா ரோட்டுல பிடிப்பே கிடையாது. சின்ன ஜல்லி ஒண்ணு தடுத்தாப் போதும், போர்டு அங்கயே நிக்கும், ஆள் மட்டும் பறப்பான். அடிபட்டவங்க எண்ணிக்கை ஏற ஏற, 1965 வாக்குல அங்க பல ஊர்கள்ல தடையே போட்டுட்டாங்க. மோகமும் அடங்கிப்போச்சு.

அதைத் திரும்ப எழுப்பினது ஒரு பிளாஸ்டிக் ஆலை. 1970-ல ஃபிராங்க் நாஸ்வொர்த்தி, வர்ஜீனியாவுல நண்பனோட அப்பா நடத்தின ஆலைக்குப் போனார். அங்க ரோலர் ஸ்கேட்டுக்காக வார்த்த பாலியூரித்தேன் சக்கரங்கள் கிடந்துச்சு. ஸ்கேட்டிங் ஆளுங்களுக்கு அது மெதுவாத் தெரிஞ்சதால அவ்வளவா எடுபடலை. இவர் நாலைஞ்சை எடுத்துத் தன் போர்டுல மாட்டிப் பார்த்தார். ரோட்டைக் கவ்விப் பிடிச்சுது! கொஞ்ச வருஷத்துல கலிஃபோர்னியாவுல 'கெடிலாக் வீல்ஸ்'னு பேர் வெச்சு விக்க ஆரம்பிச்சார். மத்ததெல்லாம் சரித்திரம்.

எனக்கு இதுல சுவாரசியமாப் படறது வேற. களிமண் சக்கரத்துல வழுக்குறது விபத்து. யூரித்தேன்ல அது வித்தை. பிடிப்புன்னு ஒண்ணு இருந்தாத்தானே அதை எப்ப விடறது, எப்பத் திரும்பப் பிடிக்கிறதுன்னு பழக முடியும்? 1970-கள் நடுவுல, ஹவாய்க்காரர் லாரி பெர்ட்டில்மன் அலைச்சறுக்குல செஞ்சதைப் பார்த்து, பசங்க தரையில கை ஊனி போர்டை வழுக்க விட்டாங்க. அதான் 'பெர்ட்'. பெர்க்லி மலைச்சரிவுல கிளிஃப் கோல்மன் கையுறையில பிளாஸ்டிக் துண்டை ஒட்டிக்கிட்டு, போர்டைக் குறுக்கத் திருப்பி வேகத்தைக் கொன்னார். செருப்பு பிரேக்குக்கு ஒரு வழியா மாற்று கிடைச்சுது :)

இப்ப நம்மூருக்கு வருவோம். சக்கரத்துல 78ஏ, 99ஏ-ன்னு போட்டிருக்கே, அது 1920-கள்ல ஆல்பர்ட் ஷோர் கொண்டுவந்த கடினத்தன்மைக் கணக்கு. ஒரு முள்ளை அழுத்தி எவ்வளவு இறங்குதுன்னு பார்க்கறது. இதைக் கோயமுத்தூர்க்காரனுக்குச் சொல்லித்தரவே வேண்டாம். 1888-ல ஸ்டேன்ஸ் மில் வந்ததுல இருந்து நூல் நூக்கிற ஊரு. ரிங் ஃபிரேம்ல மேல் ரோலருக்குப் போடற ரப்பர் காட்ஸுக்கும் இதே ஷோர்தான். மெத்துனு இருந்தா பஞ்சை நல்லாப் பிடிக்கும், ஆனா சீக்கிரம் தேயும். கெட்டியா இருந்தா உழைக்கும், பிடிப்பு கம்மி. "காட்ஸ் ஷோர் எவ்ளோ?"ன்னு மில்லுல வேலை பார்த்த எங்க சித்தப்பா போன்ல கேக்கிறதைப் பால்வாடி வயசுலயே கேட்டவன் நான். ஸ்கேட்போர்டு சக்கரமும் அதே பேரம்தான்.

அதனால, வழுக்கிப் பழகறவங்க 80ஏ-83ஏ, 70 மி.மீ. வாக்குல எடுக்கலாம். 99ஏ, 101ஏ எல்லாம் வழவழன்னு இருக்கிற பார்க் தரைக்கு. நம்ம ஜல்லி தெரியற தார் ரோட்டுல அது உடம்பை உதறி எடுக்கும். வழுக்க ஆரம்பிச்சாலும் களிமண் காலத்து மாதிரி திடீர்னுதான் போகும். சக்கரத்தோட ஓரம் உருண்டையா இருக்கணும். கூரான ஓரம் ரோட்டைக் கவ்வும், அது வளைவுல திரும்பறவங்களுக்கு. பேரிங் உட்காருற இடம் சரியா நடுவுல இருக்கிறதா வாங்குங்க. ஒரு பக்கம் தேஞ்சா திருப்பி மாட்டிக்கலாம். பேரிங் வேணும்னா 608, எந்தப் பேரிங் கடையிலயும் கிடைக்கும். புதுச் சக்கரத்து மேல ஒரு பளபளப்பு இருந்தா, அது தேஞ்சு போறவரைக்கும் ஒழுங்கா வழுக்காது, பொறுமையா ஓட்டுங்க.

டிஸ்கி: ஹெல்மெட்டும் அந்தப் பிளாஸ்டிக் ஒட்டின கையுறையும் இல்லாம இறங்காதீங்க. மருதமலை ரோட்டுல போய்ப் பழகலாம்னு நினைக்காதீங்க. எதிர்ல பஸ் வரும்.