ஐப்பசிக் கணக்கு: ரஞ்சிக் கோப்பையும் தென் மண்டலத்தின் வலிமையும்

ஐப்பசி பிறந்து தலைநகரில் குளிர்காற்று மெல்லத் தலைகாட்டும்போது, கிரிக்கெட் அபிமானிகளிடையே ஒரு பழைய வழக்கும் உடன் தலைகாட்டுவதுண்டு. ‘இவ்வாண்டு எந்த மண்டலம் பலமுடையது?’ என்பதே அவ்வழக்கு. இரண்டு ஆட்டங்கள் முடிந்திருக்கும், மூன்றாவது நடந்துகொண்டிருக்கும். அதற்குள் தீர்ப்பு எழுதப்பட்டுவிடும். தெற்கு வலுவிழந்தது என்பார் ஒருவர்; மேற்கை வெல்வாரில்லை என்பார் மற்றொருவர். தமிழ்நாட்டை விட்டு வந்து லக்ஷ்மிபாய் நகர் போன்ற குடியிருப்புகளில் வாழ்ந்த நம்மவர்க்கு இது வெறும் பொழுதுபோக்கு விவாதமாக மட்டும் இருந்ததில்லை. வடக்கு மண்டலத்தில் குடியிருந்துகொண்டு தெற்கு மண்டலத்துக்காக வாதாட வேண்டிய இக்கட்டு நமக்கே உரியது. ஆதலின், அத்தகைய தீர்ப்புகள் எந்த அளவுக்கு நிலைபெற்றன என்பதை வரலாற்றைக் கொண்டு ஆராய்வது தகும்.

ரஞ்சிக் கோப்பைப் பந்தயத்தின் முதல் ஆட்டமே இவ்விஷயத்தில் ஒரு பாடமாக அமைந்திருக்கிறது. 1934ஆம் ஆண்டு நவம்பர் 4ஆம் நாள் சென்னைச் சேப்பாக்கத்தில் சென்னையும் மைசூரும் மோதின. அப்பந்தயத்தின் முதல் பந்தை வீசியவர் எம். ஜே. கோபாலன். (ஹாக்கியிலும் பெயர்பெற்ற இவர், 1936இல் பெர்லின் ஒலிம்பிக்கைத் துறந்து இங்கிலாந்து சென்ற கிரிக்கெட் அணியுடன் புறப்பட்டார். ஹாக்கி அணி தங்கப் பதக்கத்துடன் திரும்பியது. இவருக்கோ இங்கிலாந்தில் ஒரு டெஸ்ட் ஆட்டமும் கிட்டவில்லை.) மைசூர் முதல் இன்னிங்ஸில் 48 ஓட்டங்களுக்குச் சுருண்டது. சென்னை 130 எடுத்தது. மைசூர் மறுமுறை 59. ஏ. ஜி. ராம் சிங் இரு இன்னிங்ஸிலுமாக 35 ஓட்டங்கள் கொடுத்து 11 விக்கெட்டுகளை வீழ்த்தினார். காலையில் தொடங்கிய ஆட்டம் அன்று மாலையே முடிந்தது. சென்னைக்கு ஓர் இன்னிங்ஸ், 23 ஓட்ட வெற்றி.

இதனைக் கண்ணுற்றவர் யாவரும் சென்னை அணி நாட்டையே வெல்லும் என்று எண்ணியிருந்தால் அவர்களைக் குறைகூற இயலாது. ஆயினும் இந்த வெற்றி எதனைக் காட்டுகிறது? சென்னையின் பலத்தையா, மைசூரின் பலவீனத்தையா, அல்லது ஒரே நாளில் 30 விக்கெட்டுகள் சாய்ந்த ஆடுகளத்தின் குணத்தையா? அந்த ஓர் ஆட்டத்தைக் கொண்டு இம்மூன்றையும் பிரித்தறிய வழியே இல்லை. அப்பருவத்தின் கோப்பை பம்பாய்க்குச் சென்றது. இறுதியாட்டத்தில் அது 208 ஓட்ட வித்தியாசத்தில் வென்றதும் சென்னையை அன்று, வட இந்திய அணியை.

மறு பருவமான 1935-36இல் சென்னை இறுதியாட்டம் வரை ஏறியது. அவ்வாட்டம் நடைபெற்றது நம் டில்லியில், பெரோஸ்ஷா கோட்லாவில். 2019 முதல் அருண் ஜெட்லி அரங்கம் எனப் பெயர் தாங்கி நிற்கும் அதே மைதானம். அங்கே பம்பாய் 190 ஓட்டங்களில் வென்றது. தென் மண்டலத்தைப் பற்றிய ஒரு நம்பகமான செய்தி முதன்முதலில் கிடைத்தது இத்தகைய ஆட்டங்களில்தான் என்பேன். மண்டலத்துக்குள் சென்னை யாரை எவ்வளவில் வென்றது என்பதைவிட, மண்டலத்துக்கு வெளியே யாரிடம் எவ்வளவில் தோற்றது என்பது மிகுதியாகப் பேசுகிறது.

இனி மண்டல முறையின் அமைப்பைச் சிறிது நோக்குவோம். தொடக்கத்தில் வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு என நான்கு மண்டலங்கள். 1952-53இல் மத்திய மண்டலம் சேர்ந்தது. 1956-57 வரை மண்டலத்துக்குள்ளும் தோற்றவர் வெளியேறும் முறையே நிலவியது. 1957-58 முதல் மண்டலத்துக்குள் லீக் முறை வந்தது. ஒவ்வோர் அணியும் தன் மண்டலத்தின் ஏனைய அணிகள் அனைத்தோடும் ஆடியது. மண்டலத்தில் முதலிடம் பெற்ற அணிகள் மட்டுமே பின்னர் ஒன்றையொன்று சந்தித்தன.

இங்கேதான் அபிமானிகள் பலரும் கவனியாத ஒரு கணக்கு இருக்கிறது. சென்னை, மைசூர், ஹைதராபாத், கேரளம், ஆந்திரம் என்று தெற்கில் ஐந்து அணிகள். அவை தமக்குள் ஆடும் ஆட்டங்கள் 10. அவற்றில் ஒருவர் பெறும் வெற்றி ஒவ்வொன்றும் மற்றொருவர் அடையும் தோல்வி. ஐந்து அணிகளும் உலகிலேயே சிறந்தவையாக இருந்தாலும், ஐந்தும் தெருவில் ஆடும் சிறுவர் கூட்டங்களாக இருந்தாலும், மண்டலத்தின் மொத்த வெற்றிகளும் மொத்தத் தோல்விகளும் சமமாகவே நிற்கும். ஆகவே, மண்டலப் புள்ளிப் பட்டியலை எத்துணை நேரம் உற்றுநோக்கினும் அம்மண்டலத்தின் வலிமை அதில் தென்படாது. உள்ளே யார் முந்தியவர், யார் பிந்தியவர் என்பது மட்டுமே தெரியும். ஐப்பசியில் எழுந்த வழக்குக்கு மாசி, பங்குனியில் நடந்த ஆட்டங்களே சாட்சி கூற முடிந்தது.

அமெரிக்க நாட்டில் கல்லூரிகளிடையே நடைபெறும் கூடைப்பந்துப் பந்தயங்கள் இதற்கு நேர்மாறான வரிசையில் அமைந்தவை. அங்கும் கல்லூரிகள் ‘கான்பரன்ஸ்’ எனப்படும் கூட்டங்களாகப் பிரிந்திருக்கின்றன. ஆனால் நவம்பரில் பருவம் தொடங்கியதும் பெரும்பாலும் வெளிக்கூட்டத்துக் கல்லூரிகளோடுதான் முதலில் ஆடுவர். ஜனவரி வாக்கில் தம் கூட்டத்துக்குள் திரும்பிவிடுவர். அதனால் எந்தக் கூட்டம் பலமுடையது என்பதற்குரிய சான்றில் பெரும்பகுதி டிசம்பருக்குள்ளேயே சேர்ந்துவிடுகிறது. அதன் பிறகு எந்தக் கல்லூரி வென்றாலும் கூட்டத்தின் சராசரி அசைவதில்லை. மார்ச் மாதத்து இறுதிப் பந்தயத்துக்கு 68 கல்லூரிகளைத் தேர்ந்தெடுக்கும்போது இச்சான்று பெரிதும் பயன்படுகிறது. 1981 முதல் அவர்கள் கையாண்ட ஓர் அளவுகோலில் ஓர் அணியின் சொந்த வெற்றி விகிதத்துக்குக் கால் பங்கு மதிப்புதான். எதிராளிகளின் வெற்றி விகிதத்துக்கு அரைப் பங்கு. எதிராளிகளின் எதிராளிகளுக்கு எஞ்சிய கால் பங்கு. 2018இல் அதனை விட்டு வேறோர் அளவுகோலை மேற்கொண்டனர். அங்கும் டிசம்பர்க் கணிப்பில் குறைகள் உண்டு. பெரிய கல்லூரி சிறிய கல்லூரிக்குப் பணம் கொடுத்துத் தன் ஊருக்கு வரவழைத்து வெல்லும் வழக்கம் அங்கே சாதாரணம். எனினும், கையில் ஏதோ ஒரு சான்று இருக்கிறது. நம் ரஞ்சிக் காலத்து ஐப்பசித் தீர்ப்புக்கோ அதுவும் இல்லை.

சான்றில்லாத தீர்ப்புகள் எப்படியெல்லாம் புரண்டன என்பதற்குத் தென் மண்டலமே உதாரணம். 1937-38இல் தெற்கிலிருந்து சென்ற ஹைதராபாத், முந்திய பருவத்துச் சாம்பியனான நவநகரை ஒரே விக்கெட்டில் வென்று கோப்பையைக் கொணர்ந்தது. ஐபரா சதமடித்து ஆட்டமிழக்காமல் இறுதிவரை நின்றார். தெற்கு எழுந்துவிட்டது என்று அன்று கூறியிருக்கலாம். 1941-42இல் தெற்கிலிருந்து சென்ற மைசூர், இறுதியாட்டத்தில் பம்பாயிடம் ஓர் இன்னிங்ஸ், 281 ஓட்ட வித்தியாசத்தில் தோற்றது. 1954-55இல் பாலு அழகண்ணன் தலைமையில் சென்னை இந்தூருக்கே சென்று ஹோல்கர் அணியை 46 ஓட்டங்களில் வென்றது. ஹோல்கர் சாமானியமான அணியன்று. 1944-45 முதல் பதினொரு பருவங்களில் பத்து முறை இறுதியாட்டம் கண்டது. சென்னைக்குக் கிடைத்த முதல் ரஞ்சிக் கோப்பை அது. அடுத்த கோப்பைக்குத் தமிழ்நாடு 1987-88 வரை, முப்பத்து மூன்று ஆண்டுகள், காத்திருக்க நேர்ந்தது.

1958-59 முதல் 1972-73 வரை தொடர்ந்து பதினைந்து பருவங்கள் கோப்பை பம்பாயிடமே தங்கியது. இக்காலத்தில் ‘மேற்கு மண்டலமே பெரிது’ என்பது ஐயத்துக்கு இடமில்லாத உண்மையாகப் பேசப்பட்டது. ஆனால் பம்பாய் பெரிது என்பதும் மேற்கு பெரிது என்பதும் ஒன்றா? 1961-62இல் தொடங்கிய துலீப் கோப்பை இதற்கு விடை கூறிற்று. ரஞ்சித்சிங்ஜியின் சகோதரர் மகன் துலீப்சிங்ஜியின் பெயரால் அமைந்த இப்பந்தயத்தில் மண்டலமே ஓர் அணி. முதல் இறுதியாட்டத்தில் மேற்கு தெற்கை வென்றது. ஆனால் 1965-66, 1966-67, 1967-68 ஆகிய மூன்று பருவங்களிலும் துலீப் கோப்பை தென் மண்டலத்துக்கே வந்தது. அதே மூன்று பருவங்களில் ரஞ்சிக் கோப்பை பம்பாயை விட்டு அசையவில்லை என்பதை நினைவிற் கொள்ளவேண்டும். தெற்கின் செல்வம் ஓர் ஊரில் குவிந்திருக்கவில்லை. ஜெயசிம்மாவும் அப்பாஸ் அலி பெய்கும் ஹைதராபாத்தில்; பிரசன்னாவும் சந்திரசேகரும் மைசூரில்; வெங்கட்ராகவன் சென்னையில். ரஞ்சியில் இவர்கள் ஒருவரையொருவர் வீழ்த்திக்கொண்டனர். எஞ்சிய ஒருவர் மட்டுமே வெளியே சென்றார். ஐவரும் ஓரணியில் நின்றால் என்ன ஆகும் என்பதைத் துலீப் கோப்பை காட்டியது.

மேற்குக்கும் நியாயம் வழங்குதல் வேண்டும். ஒரு மண்டலத்திலிருந்து ஓர் அணி மட்டுமே வெளியேறலாம் என்ற விதி இருந்தவரை, மேற்கின் இரண்டாவது அணி எத்தகையது என்பதை யாரும் அறிய முடியவில்லை. 1970-71இல் விதி மாறி, மண்டலத்துக்கு இரண்டு அணிகள் முன்னேறின. அவ்வாண்டே இறுதியாட்டத்தில் பம்பாயை எதிர்த்து நின்றது அதே மண்டலத்தைச் சேர்ந்த மகாராஷ்டிரம்! வெற்றி வித்தியாசம் 48 ஓட்டங்களே.

இவ்வளவு நுட்பமாக ஆராயவேண்டிய அவசியம் என்ன என்று கேட்பாருமுண்டு. இந்திய அணியைத் தேர்வு செய்யும் குழுவே நீண்டகாலம் மண்டலத்துக்கு ஒருவராக அமைந்திருந்தது. ஒரு மண்டலம் பலவீனமானது என்ற பேச்சு பருவத்தின் தொடக்கத்திலேயே பரவிவிட்டால், அங்கே ஓர் இளைஞன் அடித்த சதத்துக்கு மதிப்புக் குறையும். ‘யாருடைய பந்தை அடித்தான்?’ என்ற கேள்வி எழும். கேள்வி நியாயமானதே. விடையைத்தான் ஊகத்தால் நிரப்பினர்.

தெற்கின் மறுமலர்ச்சியும் ஒரு தோல்வியின் நிழலிலேதான் தொடங்கிற்று. 1972-73 இறுதியாட்டம் சேப்பாக்கத்தில். சுழற்பந்துக்கு இசைந்த களம். தமிழ்நாட்டிடம் வெங்கட்ராகவனும் வி. வி. குமாரும் இருந்தனர். எனினும் அக்களத்தை முற்றும் பயன்படுத்திக்கொண்டவர் பம்பாயின் பத்மாகர் சிவால்கர்: 16 ஓட்டங்களுக்கு 8 விக்கெட்டுகள், மறு இன்னிங்ஸில் 18க்கு 5. மூன்றாம் நாள் தொடங்கியவுடனேயே ஆட்டம் முடிந்தது. தமிழ்நாடு 123 ஓட்டங்களில் தோற்றது. தெற்கு இன்னும் எட்டாத் தொலைவில் உள்ளது என்று அன்று முடிவு கட்டியவர்கள் ஓராண்டும் காத்திருக்க வேண்டியதில்லை. 1973-74 அரையிறுதியில், பெங்களூரில், கர்நாடகம் முதல் இன்னிங்ஸ் முன்னிலையால் பம்பாயின் பதினைந்தாண்டுத் தொடரை முறித்தது. பின் ஜெய்ப்பூரில் ராஜஸ்தானத்தை வென்று கோப்பையையும் பெற்றது.

டில்லிவாசிகளாகிய நாம் 1981-82 இறுதியாட்டத்தை மறத்தலாகாது. கோட்லாவில் தென்னவரான கர்நாடகத்தார் 705 ஓட்டங்கள் குவித்தனர். வடக்கின் டில்லி அணி எட்டு விக்கெட்டுகளை இழந்து தத்தளித்தபோது, ராஜேஷ் பீட்டரும் ராகேஷ் சுக்லாவும் பிரியாமல் நின்று 707ஐ எட்டிவிட்டனர். முதல் இன்னிங்ஸ் முன்னிலை என்ற விதியின்படி கோப்பை டில்லிக்கு. இரு மண்டலங்களுக்கு இடையே இருந்த தூரம் அவ்வாண்டு இரண்டு ஓட்டங்கள்!

2002-03இல் ரஞ்சிப் பந்தயத்தில் மண்டலப் பிரிவினை நீங்கி, எலைட், பிளேட் என்ற பிரிவுகள் வந்தன. பல திசை அணிகளும் பருவத்தின் தொடக்கத்திலேயே ஒன்றையொன்று சந்திக்கின்றன. ஐப்பசிக் கணக்குக்குச் சான்று கிடைக்கத் தொடங்கியபோது, ரஞ்சியில் கணக்கிடுவதற்கு மண்டலம் இல்லாமற் போயிற்று. துலீப் கோப்பை 2024இல் வேறு வகை அணிகளோடு நடந்து, 2025இல் மீண்டும் மண்டலங்களுக்கு வந்தது. அதுவும் ரஞ்சிப் பருவம் தொடங்கும் முன்னரே. 2023 ஜூலையில் பெங்களூரில் தெற்கு மேற்கை 75 ஓட்டங்களில் வென்றது. 2025 செப்டம்பரில் அதே ஊரில் மத்திய மண்டலம் தெற்கை ஆறு விக்கெட்டுகளில் வென்றது.