நாலு செகண்ட்: சுபேதார் சுப்பிரமணியன்

1/ விழுப்புரம், திண்டிவனம் பக்கத்து மக்களே, திண்டிவனத்துல இருந்து வந்தவாசி வழியா காஞ்சிபுரத்துக்கு எத்தனையோ தடவை போயிருப்பீங்க. பட்டு எடுக்க, கோயிலுக்கு, கல்யாணத்துக்கு. அந்தக் காஞ்சிபுரம் பக்கம் கீழ் ஒட்டிவாக்கம்னு ஒரு கிராமம். அந்த ஊர்க்காரர் ஒருத்தரைப் பத்தித்தான் இந்த த்ரெட்.

2/ பெயர் சுப்பிரமணியன். மெட்ராஸ் சாப்பர்ஸ் படையில சுபேதார். 1780-ல தொடங்கின படை, தலைமையகம் பெங்களூரு. இந்த வீரர்களுக்கு ராணுவத்துல செல்லப்பெயர் 'தம்பி'. பாலம் கட்டுறது, ரோடு போடுறது, கண்ணிவெடி எடுக்கிறது இவங்க வேலை.

3/ இரண்டாம் உலகப்போர்ல இந்திய ராணுவத்தோட பலம் ஏறக்குறைய 25 லட்சம். பெரும்பாலும் விவசாயக் கிராமத்துப் பிள்ளைங்க. கட்டாய ஆள்சேர்ப்பு கிடையாது. ஆனா சம்பளமும் சாப்பாடும் நிச்சயம்னா, வானம் பார்த்த பூமிக்காரன் என்ன செய்வான்? யோசிங்க.

4/ 1944 பிப்ரவரி. இத்தாலியில கசினோ மலைக்காகக் கடும் சண்டை. அதுக்குத் தெற்கே மின்யானோ. பிப்ரவரி 24, சுப்பிரமணியன் தன் ஆட்களோட கண்ணிவெடி அகற்றிக்கிட்டு இருந்தார். கூட வந்த லான்ஸ் நாயக் ஒருத்தரோட கால் ஒரு வெடி மேல பட்டுடுச்சு.

5/ அந்த வெடி மிதிச்ச உடனே முழுசா வெடிக்காது. நடுவுல சுமார் நாலு செகண்ட் இருக்கு. பல வெடிகளைக் கையில எடுத்தவருக்கு அது தெரியாம இருக்குமா? அதன் மேல குப்புற விழுந்தார். கூட இருந்தவங்க பிழைச்சாங்க. அவர் இறந்துட்டார்.

6/ ஒரு டாக்டரா இந்த நாலு செகண்டைத்தான் என்னால கடந்து போக முடியல. சத்தம் கேட்டா நம்ம உடம்பு கால் செகண்டுக்குள்ள பதறும், விலகி ஓடச் சொல்லும். அது அனிச்சை. நாலு செகண்ட் அப்படி இல்ல. ஓட நேரம் இருக்கு, தரையில படுக்க நேரம் இருக்கு. இவர் உடம்பு சொன்னதுக்கு எதிரா முடிவெடுத்திருக்கார்.

7/ உடம்பு வெடியை மூடினா என்ன ஆகும்? சிதறல்களும் அழுத்த அலையும் முதல்ல அந்த ஒரு உடம்புல இறங்கும். காத்து இருக்கிற நுரையீரலும் குடலும் கிழியும். பக்கத்துல நிக்கிறவங்களுக்கு வர்றது மிச்சம்தான். மத்தவங்க காயத்தை அவர் வாங்கிக்கிட்டார்.

8/ 1944 ஜூன் 30-ல ஜார்ஜ் கிராஸ் அறிவிச்சாங்க. விக்டோரியா கிராஸுக்குச் சமமான விருது. எதிரி முன்னால காட்டுற வீரத்துக்கு அது, எதிரி முன்னால இல்லாத இடத்துல காட்டுற வீரத்துக்கு இது. அவர் அன்னைக்கு யாரையும் கொல்லல, காப்பாத்தினார்.

9/ அடுத்தவன் நடத்தின போர், அடுத்தவன் ராஜா கொடுத்த பதக்கம். அதனாலயோ என்னவோ, சுதந்திரத்துக்கு அப்புறம் நாம இவரைப் பெருசாப் பேசல. போர் வெள்ளைக்காரனுது, சரி. அந்த நாலு செகண்ட் அவரோடது.

10/ அடுத்த தடவை அந்த ரோட்டுல போறப்போ, பக்கத்துல உக்காந்திருக்கிற உங்க பிள்ளைகிட்ட இந்தக் கதையச் சொல்லுங்க. பேரையும் சேர்த்து: சுபேதார் சுப்பிரமணியன், கீழ் ஒட்டிவாக்கம்.