பழைய எடிட்டரைக் காப்பாற்றியது யார்?

இன்னைக்குக் கதை 2018 டிசம்பர் 6-ஆம் தேதியில் ஆரம்பிக்குது. அன்றுதான் வேர்ட்பிரஸ் 5.0 வெளியானது. அப்போது உலகத்து இணையதளங்களில் கிட்டத்தட்ட மூன்றில் ஒன்று வேர்ட்பிரஸ்ஸில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

அதுவரைக்கும் அதில் பதிவு எழுதுவது ரொம்ப சிம்பிள். ஒரு பெரிய வெள்ளைப் பெட்டி, மேலே சில பட்டன்கள். உட்கார்ந்தோமா, தட்டினோமா, வெளியிட்டோமா, அவ்வளவுதான். 5.0-இல் அந்த இடத்துக்கு 'குட்டன்பர்க்' என்ற புது எடிட்டர் வந்தது. பத்தி, படம், தலைப்பு என்று ஒவ்வொன்றும் தனித்தனி 'ப்ளாக்'. பக்கத்தை அழகாக அடுக்க நினைப்பவர்களுக்கு இது வசதி. சும்மா நாலு வரி எழுத வந்தவர்களுக்கு? செம கடுப்பு. முன்னோட்டமாக விட்ட ப்ளக்-இன்னுக்கே ஒற்றை ஸ்டார் ரேட்டிங் குவிந்திருந்தது.

கடுப்பைக்கூட விடுங்க, பழகிடலாம். ஆனால் கண் பார்வை இல்லாதவர்கள் ஸ்கிரீன் ரீடர் வாசிப்பதைக் கேட்டு, கீபோர்டை மட்டும் வைத்து எழுதுகிறார்கள். அவர்களுக்கு இது பழக்கத்தின் பிரச்சினை இல்லை. எழுத முடியுமா, முடியாதா என்பதுதான் கேள்வி. வேர்ட்பிரஸ்ஸின் அக்சஸிபிலிட்டி குழுவுக்குத் தலைமை தாங்கிய ரியான் ரீட்வெல்ட், இந்தக் குறைகளைச் சரிசெய்யப் போராடிப் பார்த்துவிட்டு, 2018 அக்டோபரில் பொறுப்பிலிருந்து விலகினார். நவம்பர் 19 என்று சொன்ன தேதி 27 ஆனது, பிறகு டிசம்பருக்குப் போனது. கடைசியில் நாஷ்வில்லில் நடந்த வேர்ட்பிரஸ் மாநாட்டுக்கு முந்தின நாள் வெளியிட்டே விட்டார்கள்.

ஆனாலும் ஒரு கதவைத் திறந்து வைத்தார்கள். 'கிளாசிக் எடிட்டர்' என்ற ப்ளக்-இன்னைப் போட்டால் பழைய பெட்டி திரும்ப வந்துவிடும். 2021 கடைசி வரைக்கும்தான் ஆதரவு என்றார்கள். 50 லட்சத்துக்கும் மேற்பட்ட தளங்கள் அதைப் போட்டுக்கொண்டன. கெடுவும் நீண்டது. இன்னொரு கூட்டம் பழைய கோடையே பிரதி எடுத்து, 'கிளாசிக்பிரஸ்' என்று தனிக்குடித்தனம் போய்விட்டது.

இதற்கு யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை. வேர்ட்பிரஸ்ஸின் ஜிபிஎல் உரிமம் அப்படி. யோசித்தால், வேர்ட்பிரஸ்ஸே இப்படிப் பிறந்ததுதான். மிஷல் வால்ட்ரிகி எழுதிய 'பி2' என்ற மென்பொருளின் வளர்ச்சி நின்றுபோனபோது, மேட் முல்லன்வெக்கும் மைக் லிட்டிலும் அதன் கோடை எடுத்து, 2003-இல் வேர்ட்பிரஸ்ஸை வெளியிட்டார்கள். அப்போது மேட்டுக்கு வயசு 19.

நானும் டெவலப்பர்தான். புது டிசைன் வெளியாகும் நாளில், "ரெண்டு வாரத்தில் பழகிடுவாங்க" என்று நானே சொல்லியிருக்கிறேன். அப்போது எனக்கு ஒரு விஷயம் உறைக்கவில்லை. கோடைப் பிரதி எடுக்கும் உரிமை எல்லாருக்கும் உண்டு, ஆனால் கோடு தெரிந்தவர்களுக்குத்தான் அது உதவும். சமையல் குறிப்பு எழுதுகிற அக்காவுக்கு உதவியது அந்த ஒரே ஒரு 'பழையபடி' பட்டன்தான். ஓப்பன் சோர்ஸ் இல்லாத தளங்களில் அதுவும் கம்பெனி மனசு வைத்தால்தான்.

அதனால், அடுத்த முறை மீட்டிங்கில் ரிலீஸ் தேதி பேசும்போது, பழைய வழியை எப்போது மூடுவோம் என்பதையும் சேர்த்துக் கேட்கப்போறேன். நீங்களும் கேளுங்க. அடுத்த எபிசோடில் பார்ப்போம்!